குழு சிபிடி: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஏன் பலரை ஒன்றாக உட்காரவைக்கிறார்கள்?

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ மருத்துவர் பேசி முடித்துவிட்டு, நீங்கள் நிரப்பிய கேள்வித்தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து இருக்கு, குழு சிபிடிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோருக்கு உடனே இரண்டு சந்தேகம் வரும். தனியாகப் பார்க்க ஆள் இல்லாததால் என்னைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளுகிறார்களா? முன்பின் தெரியாதவர்கள் முன்னால் என் வீட்டுக் கதையெல்லாம் சொல்லி அழ வேண்டுமா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். (சிபிடி என்பது எண்ணங்களைச் சோதித்து, செயல்களை மாற்றிப் பழகுகிற ஒரு பேச்சுச் சிகிச்சை.) முதல் கேள்விக்குப் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. இரண்டாவதுக்கு இல்லை. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

மனநலக் கழகம் முன்னின்று நடத்திய 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வில், பெரியவர்களில் ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனநிலைக் கோளாறோ பதற்றக் கோளாறோ மதுப்பழக்கக் கோளாறோ இருந்தது தெரியவந்தது. 2010ல் நடந்த முதல் ஆய்வில் இது சுமார் 12 விழுக்காடு. பெரும் மனச்சோர்வு மட்டும் எடுத்தால் 6.3 விழுக்காடு, அதாவது 16 பேரில் ஒருவர். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த உதவியும் நாடவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துகிற தகவல். அப்புறம் வந்த தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, மனநலம் குன்றிய நிலையில் இருப்போர் 2020ல் 13.4 விழுக்காடு, 2022ல் 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதுக்காரர்களில் நால்வரில் ஒருவர்.

இத்தனை பேருக்கும் வாரம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குகிற அளவுக்கு உளவியல் நிபுணர்கள் எந்த நாட்டிலும் இல்லை. குழு முறை பரவியதற்கு இது ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவை வழக்கமாக இரண்டு நிபுணர்கள் இரண்டு மணி நேரம் நடத்துவார்கள், அது நான்கு நிபுணர் மணி. அதே எட்டுப் பேரைத் தனித்தனியாகப் பார்த்தால் எட்டு மணி. மிச்சம் பாதிதான். அந்த மிச்சத்திலும் ஒரு பகுதி, குழு தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து மதிப்பிடுவதற்குப் போய்விடும். சிக்கனம் மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

மனச்சோர்வும் பதற்றமும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

மனச்சோர்வு என்பது ஒருநாள் சோகம் இல்லை. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், மனம் கவிழ்ந்தே கிடக்கும், அல்லது பிடித்த எதிலும் நாட்டமே இருக்காது. கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் மாறும், தன்மேல் வெறுப்பு வரும், சிலருக்கு வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமும் வரும். பதற்றக் கோளாறு இதற்கு எதிர்த் திசையில் இருப்பதுபோலத் தெரியும். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய ஓயாத கவலை, நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிசைவது, அந்த இடத்துக்கே போகாமல் தவிர்ப்பது. மனச்சோர்வு பெரும்பாலும் இழந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பதற்றம் வரப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம், ஏனென்றால் ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது.

சேகர் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 47, வீடு ஈசூனில். தளவாட நிறுவனத்தில் இருந்த வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. தீபாவளிக்குச் செங்காங்கில் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். சேகருக்கு உடனே ஓடுகிற எண்ணம்: "இப்ப எங்க வேலை செய்றீங்கன்னு கேப்பாங்க. வேலை போச்சுன்னு தெரிஞ்சா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" நெஞ்சு அடிக்கிறது. உடம்பு சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறார். அடுத்த நிமிடமே பெரிய நிம்மதி. இதுதான் பதற்றத்தின் கண்ணி. தவிர்த்ததும் நிம்மதி கிடைப்பதால், அடுத்த தடவையும் தவிர்க்கச் சொல்லி மூளை பழகிக்கொள்கிறது, உண்மையில் அங்கே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. மாலையில் தனியாகப் படுத்திருக்கும்போது இன்னொரு எண்ணம்: "பண்டிகை நாள்லகூட நாலு பேர் வீட்டுக்குப் போக வக்கில்லாதவன் நான்." இது மனச்சோர்வின் எண்ணம். அடுத்த நாள் எழுந்திருக்கவே மனம் இல்லை, வேலைக்கு விண்ணப்பமும் போடவில்லை. போடாததால் "நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்" என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

சிபிடி எங்கே கைவைக்கிறது?

சிபிடியை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆரன் பெக், அவர்களிடம் நொடியில் வந்து போகும் எண்ணங்கள் ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என மூன்று பக்கமும் இருட்டு. அவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். நாம் வரவழைப்பதில்லை, தானே வரும், வந்ததும் உண்மை என்றே தோன்றும். இன்னொரு பக்கம், பயத்தையும் தவிர்த்தலையும் பழக்கத்தால் மாற்றலாம் என்று நடத்தைச் சிகிச்சைக்காரர்கள் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சிபிடி.

அதன் கருத்து எளிமையானது. சூழ்நிலை, எண்ணம், உணர்வு, உடல், செயல் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று இழுக்கின்றன. உணர்வை நேராகப் பிடித்து மாற்ற முடியாது. "கவலைப்படாதே" என்று சொல்லி யாருக்கும் கவலை போனதில்லை. ஆனால் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கலாம், செயலை மாற்றலாம், இரண்டும் மாறும்போது உணர்வும் மெல்ல நகரும். முக்கியமான கருவிகள் இவை:

1. எண்ணப் பதிவேடு. என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை எத்தனை விழுக்காடு நம்பினேன், ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன சான்று, இப்போது எத்தனை விழுக்காடு நம்புகிறேன் என்று எழுதுவது. மனத்துக்குள்ளேயே செய்தால் வேலைக்காகாது, எழுத வேண்டும்.

2. சிந்தனைத் திரிபுகளை அடையாளம் காண்பது. அடுத்தவர் மனதைப் படித்துவிட்டதாக நினைப்பது, ஒன்று முழுதாக வேண்டும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று பார்ப்பது, நடக்கக்கூடிய மோசமானதையே முடிவாக எடுத்துக்கொள்வது, 'நான் இப்படித்தான் இருந்தாக வேண்டும்' என்ற கட்டாயங்கள். "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பதில் முதல் திரிபும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கின்றன.

3. செயலூக்கம். மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்வது. காலை ஏழரைக்குக் கீழே இறங்கிப் பூங்கா இணைப்புப் பாதையில் 15 நிமிடம் நடப்பது, சனிக்கிழமை தேக்காவுக்குப் போய்க் காய் வாங்கி வருவது, இந்த அளவில். எளிமையாகத் தெரிந்தாலும் இது சாதாரணக் கருவி இல்லை. நீல் ஜேக்கப்சனும் குழுவினரும் 1996ல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பகுதியை மட்டும் பெற்றவர்கள் முழு சிகிச்சை பெற்றவர்களுக்கு நிகராகவே முன்னேறினார்கள்.

4. படிப்படியாக எதிர்கொள்வது. பயப்படும் சூழ்நிலைகளைக் குறைந்த பயத்திலிருந்து கூடிய பயம்வரை வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது.

5. நடத்தைச் சோதனை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, செய்து பார்த்து, நடந்ததோடு ஒப்பிடுவது. சேகர் "போனா குறைஞ்சது அஞ்சு பேராவது வேலையைப் பத்திக் கேப்பாங்க, பதில் சொன்னதும் முகம் மாறிடும்" என்று எழுதி, 90 விழுக்காடு நம்பிக்கை என்று போட்டு, நண்பர் வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது 'நல்லதையே நினை' என்கிற உபதேசம் இல்லை. சேகருக்கு வேலை போனது நிஜம், வீட்டுக் கடன் நிஜம். அவற்றை இல்லை என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நிஜமான சிக்கலுக்குச் சிக்கல் தீர்க்கும் படிகள் தனியாகச் சொல்லித்தரப்படும். "வேலை போச்சு" என்பதிலிருந்து "நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்" என்று தாவுகிற இடத்தைத்தான் சிபிடி கேள்வி கேட்கிறது.

குழுவில் உண்மையில் என்ன நடக்கும்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஆனால் பொதுவாக ஆறு முதல் பத்துப் பேர், எட்டு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை, ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் திருத்தி வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டியில் குழு சிபிடிக்குச் சொல்லியிருப்பது வழக்கமாக எட்டுப் பேர், எட்டு அமர்வு, இரண்டு நடத்துநர்கள். பெரும்பாலும் மூடிய குழுவாக இருக்கும், அதாவது தொடங்கியவர்களே கடைசிவரை இருப்பார்கள், நடுவில் புதிதாக யாரும் வந்து சேரமாட்டார்கள்.

ஓர் அமர்வு ஏறக்குறைய இந்த வரிசையில் போகும்:

1. கேள்வித்தாள். மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9, ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண். பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழு கேள்வி, 0 முதல் 21 வரை. இரண்டிலும் 10ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2. போன வார வீட்டுப்பாடம். யார் என்ன செய்தார்கள், எங்கே தடுக்கியது.

3. ஒரு புதிய திறன். வெள்ளைப்பலகையில் எழுதி, ஓர் உதாரணத்தை எல்லோருமாகச் சேர்ந்து பிரித்துப் பார்ப்பது.

4. பயிற்சி. இருவர் இருவராகவோ எல்லோருமாகவோ.

5. அடுத்த வார வீட்டுப்பாடம், ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலைக்கு ஏற்ப.

இதில் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று ஓர் இடமே இல்லை என்பதைப் பாருங்கள். திரைப்படங்களில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக அழுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அந்தப் படம் மனதில் பதிந்திருக்கிறது. சிபிடி குழு அதைவிட வகுப்புக்குத்தான் நெருக்கம். பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஒரிகனில் மனச்சோர்வுக்கான குழுச் சிகிச்சையையே ஒரு பாடத்திட்டமாகத்தான் வடிவமைத்தார். உங்களைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில். கடந்த செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு சின்னச் சம்பவம் போதும், குழந்தைப் பருவம் வேண்டியதில்லை.

வீட்டுப்பாடத்தைப் பற்றி இரண்டு வரி. முழங்கால் வலிக்கு ஃபிசியோவிடம் போகிறவர் வீட்டில் பயிற்சி செய்யாமல் வாராவாரம் அங்கே மட்டும் போய்வந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். வாரத்தில் இரண்டு மணி நேரம் குழுவில், மீதி 166 மணி நேரம் வெளியே. மாற்றம் நடக்க வேண்டிய இடம் அந்த 166.

பலர் இருப்பதால் என்ன லாபம்?

இங்கேதான் குழு முறை வெறும் சிக்கனம் என்ற எண்ணத்தை விட வேண்டியிருக்கிறது. தனி அறையில் ஒரு நிபுணரால் தரவே முடியாத சில விஷயங்கள் குழுவில் கிடைக்கின்றன.

முதலாவது, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற நம்பிக்கை உடைவது. குழுச் சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதிய இர்வின் யாலோம் இதைக் குணமாக்கும் காரணிகளில் ஒன்றாகவே வரிசைப்படுத்தியிருக்கிறார். நிபுணர் "இது பலருக்கும் வரும்" என்று நூறு முறை சொல்லலாம், கேட்பவர் மனதில் "அவங்க அப்படித்தான் சொல்வாங்க, அது அவங்க வேலை" என்றே ஓடும். எதிரே உட்கார்ந்திருக்கிற, நன்றாக உடுத்தி, சிரித்துப் பேசுகிற ஒரு பெண் "நான் எம்ஆர்டியில ஏறினாலே கை நடுங்குது, ரெண்டு ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்" என்று சொல்லும்போது வேறு எந்த வாதமும் தேவைப்படாது. பார்வைக்கு நன்றாக இருப்பவர்கள் உள்ளே நன்றாக இருப்பார்கள் என்ற நம் கணக்கே தப்பு என்பதற்கு அவரே சான்று.

இரண்டாவது, அடுத்தவரின் திரிபு நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியும். சேகர் தன்னைப் பற்றி "வக்கில்லாதவன்" என்று சொல்லும்போது அவருக்கு அது வெறும் உண்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் குழுவில் இன்னொருவர் "மகளுக்கு பிஎஸ்எல்இல மதிப்பெண் குறைஞ்சுபோச்சு, நான் நல்ல அம்மாவே இல்ல" என்று சொன்னால், முதலில் கையைத் தூக்குவது சேகராகத்தான் இருக்கும்: "அது எப்படிங்க, ஒரு பரீட்சையை வச்சு அம்மாவே சரியில்லன்னு சொல்வீங்க?" அப்படி ஐந்தாறு முறை அடுத்தவர் எண்ணத்தைப் பிரித்துப் பழகியவருக்குத் தன் எண்ணத்தை அதே மாதிரி பிரிப்பது எளிதாகிறது. வாரக்கணக்கில் தன்னால் யாருக்கும் பயனில்லை என்று நினைத்தவர், தான் சொன்ன ஒரு வார்த்தை இன்னொருவருக்கு உதவியதைக் கண்ணால் பார்க்கிறார். மனச்சோர்வு உள்ளவருக்கு இதைவிடப் பெரிய எதிர்ச் சான்று கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது, எதிர்கொள்ளும் பயிற்சிக்கு ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு அந்த அறைக்குள் வந்து உட்காருவதே முதல் படி. ரிச்சர்ட் ஹைம்பர்க் 1980களில் அமெரிக்காவில் சமூகப் பதற்றத்துக்கென்றே ஒரு குழுத் திட்டத்தை உருவாக்கினார். பயப்படும் உரையாடலை அறையிலேயே நடித்துப் பார்ப்பது அதன் மையம். சேகரிடம் குழுவினர் ஒவ்வொருவராக வந்து "இப்ப எங்க வேலை?" என்று கேட்க, அவர் ஒவ்வொருவரிடமும் "வேலை போச்சு, தேடிக்கிட்டிருக்கேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை தொண்டை அடைக்கும். ஆறாவது தடவை அது வெறும் ஒரு வாக்கியம் ஆகிவிடும். பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்கு இதே போல இன்னொன்று உண்டு. வேகவேகமாக மூச்சு விடுவது, நின்ற இடத்தில் ஓடுவது, உறிஞ்சுகுழாய் வழியாக மட்டும் மூச்சு விடுவது என்று, பயப்படுகிற அதே உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அது மாரடைப்பில்லை, தானே இறங்கிவிடும் என்று உடம்புக்கே காட்டுவது. எட்டுப் பேரும் சேர்ந்து செய்யும்போது அதில் உள்ள பயம் குறைய வாய்ப்பு இருக்கிறது.

நான்காவது வீட்டுப்பாடம். அடுத்த வாரம் ஏழு பேர் கேட்பார்கள் என்று தெரிந்தால் செய்துவிடுவோம், அவ்வளவுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சிபிடியே மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுகளுக்கும் மிக அதிகமாக ஆராயப்பட்ட பேச்சுச் சிகிச்சை. குழு வடிவமும் சிகிச்சை இல்லாமல் விடுவதைவிடத் தெளிவாக நல்ல பலன் தருகிறது. தனி முறையோடு ஒப்பிட்டால்? மனச்சோர்வைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் ஒரு பகுப்பாய்வில், சிகிச்சை முடிந்த உடனே தனி சிபிடி சற்று முன்னே இருந்தது, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. மேலே சொன்ன நைஸ் வழிகாட்டி, தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்குக் குழு சிபிடியை முன்னணித் தேர்வுகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆனால் சமூகப் பதற்றத்துக்கு அதே அமைப்பு 2013ல் வெளியிட்ட வழிகாட்டி தனி சிபிடியைத்தான் முதலில் சொல்கிறது, அதை விட்டுவிட்டுக் குழுவை வழக்கமாக முன்வைக்க வேண்டாம் என்கிறது. கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறவருக்குக் கூட்டமே மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

என் தீர்ப்பு இது: இலேசான, நடுத்தர மனச்சோர்வுக்கும் பொதுவான பதற்றத்துக்கும் தனி முறைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, அடுத்த மாதம் தொடங்கும் குழுவில் சேருவது நல்லது. காத்திருக்கும் மாதங்களில் தவிர்க்கும் பழக்கம் இன்னும் கெட்டிப்படும்.

யாருக்கு இப்போதைக்குப் பொருந்தாது?

உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டத்தோடு இருப்பவர், படுக்கையை விட்டு எழவே முடியாத அளவு கடுமையான மனச்சோர்வில் இருப்பவர், பித்துநிலையிலோ (உற்சாகமும் வேகமும் அளவு மீறிப்போகும் மேனியா), குரல்கள் கேட்பது போன்ற கடும் மனநோய் நிலையிலோ இருப்பவர், மதுவோ போதைப்பொருளோ கட்டுக்கடங்காமல் போனவர், இவர்களுக்கு முதலில் தனிக் கவனிப்பு வேண்டும். பெரிய வன்முறையோ பாலியல் கொடுமையோ அனுபவித்தவருக்கு அதற்கென்றே வேறு சிகிச்சைகள் இருக்கின்றன, அதைப் பொதுக் குழுவில் கொட்டுவது அவருக்கும் நல்லதில்லை, கேட்பவர்களுக்கும் நல்லதில்லை. முன்மதிப்பீட்டுச் சந்திப்பு இதற்காகத்தான். அதில் எதையும் மறைக்காதீர்கள்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் குழுவில் சேரலாம், இரண்டும் சேர்ந்தே போகும். சிபிடி தொடங்கிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சிங்கப்பூரில் நமக்கு உள்ள தயக்கங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். இங்கே தமிழர்கள் சின்னச் சமூகம். கோயிலில், கல்யாணத்தில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசலில், எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு நம் மாமாவைத் தெரியும். குழுவில் தெரிந்த முகம் இருந்தால்? இந்தப் பயத்தை வெறும் திரிபு என்று தள்ளிவிட முடியாது, நடக்கக்கூடியதுதான். அதனால் முன்மதிப்பீட்டின்போதே இதைச் சொல்லி, தெரிந்தவர் இருந்தால் வேறு குழுவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை. உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பதற்கு முதல் அமர்விலேயே எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நிபுணர்களைத் தொழில்முறை விதிகள் கட்டுப்படுத்தும், மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது அந்த ஒப்புதல்தான், அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யுங்கள். தெரிந்தவர் ஒருவர் உண்மையிலேயே அங்கே இருந்தால், அவரும் உங்களைப் போலவே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது மொழி. இங்கே நடக்கும் குழுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சமாளிப்பவருக்குக்கூட, நொடியில் ஓடும் அந்த எண்ணம் பெரும்பாலும் தமிழில்தான் ஓடும். எண்ணப் பதிவேட்டில் அதைத் தமிழிலேயே எழுதுங்கள், குழுவில் பேசும்போது மட்டும் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலம் வராத பெரியவர்களுக்கும் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கும் இந்த வழி போதாது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் மனநல ஆலோசனை தருகின்றன, ஆனால் தமிழில் முழுமையான குழு சிபிடி எளிதில் கிடைக்கிற நிலை வர வேண்டும். நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் அசதி என்று உடம்பின் மொழியிலேயே சொல்லிச் சொல்லி இரத்தப் பரிசோதனையோடு திரும்பிவிடுகிற நம் அம்மா அப்பாக்களுக்கு அது மிகவும் தேவை.

வேலை பற்றிய பயமும் உண்டு. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டியின்படி, 2020 முதல், வேலை விண்ணப்பத்தில் மனநலப் பின்னணியைக் காரணமின்றிக் கேட்கக் கூடாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில், பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கப்படும் தன்மைகளில் மனநலப் பாதிப்பும் ஒன்று. அதோடு, தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. சொன்னால் போலீஸ் வருமோ என்று பயந்து வாயே திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்படிச் சேருவது, என்ன கேட்பது?

சாதாரண வழி, பலதுறை மருந்தகத்தில் தொடங்குவது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். பெரும் மனச்சோர்வும் பதற்றமும் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் அடங்குவதால், வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த முடியுமா, எவ்வளவு என்று கட்டண முகப்பில் கேளுங்கள். 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்கள் மனநலக் கழகத்தின் சாட் சேவையை நேரடியாக அணுகலாம். குடும்பச் சேவை நிலையமும் இந்தியர் சமூக அமைப்பான சிண்டாவும் முதல் பேச்சுக்கு நல்ல இடங்கள். யாரிடமாவது உடனே பேச வேண்டும் என்றால் 1771 தேசிய மனநல உதவித் தொலைபேசி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் 1767 எஸ்ஓஎஸ், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

சேருமுன் கேட்க வேண்டியவை:

1. நடத்துபவர் யார், சிபிடியில் பயிற்சி பெற்றவரா? 'ஆதரவுக் குழு' என்று வேறொன்று இருக்கிறது, அதுவும் நல்லதுதான், ஆனால் அது சிகிச்சை இல்லை.

2. எத்தனை பேர், எத்தனை வாரம், மூடிய குழுவா?

3. எல்லோருக்கும் ஒரே பிரச்சினையா, கலப்புக் குழுவா? மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருப்பவருக்குக் கலப்புக் குழு தடையே இல்லை.

4. வேலை நேரத்துக்கு வெளியே நடக்கிறதா? ஒரு வாரம் வர முடியாவிட்டால் விட்டுப்போன பாடத்தை எப்படிப் பிடிப்பது?

5. முடிந்த பிறகு தொடர் அமர்வு உண்டா? ஒருமுறை வந்த மனச்சோர்வு திரும்ப வருவது அபூர்வம் இல்லை, அதனால் ஒரு மாதம், மூன்று மாதம் கழித்துக் கூடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை.

6. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் கேள்வித்தாள் மதிப்பெண் கொஞ்சமும் குறையவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசி வாரம்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தனி அமர்வு சேர்ப்பதா, மருந்தைப் பற்றி மருத்துவரிடம் மறுபடி பேசுவதா என்று அப்போதே முடிவெடுக்கலாம், மதிப்பெண்ணை வாராவாரம் எழுதிவைப்பதே அதற்காகத்தான்.